மஞ்சள் கோடு

"ஆயில் கறுப்பா வந்துச்சுன்னா உன் தம்பி இனிமே நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது. சரிதானா?"

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி அவர் கேட்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு தம்பிதான்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வாங்கி வந்த சோப்பை வீட்டில் ஒருமுறை எடை போட்டுப் பார்க்கிற ஆள். சொந்த மைத்துனன் மட்டும் தப்புவானா? போன மாதம் அவன் தன் ஒர்க்‌ஷாப்பில் இந்தச் சொகுசுக் காருக்கு அரை மணி நேரத்தில் ஆயில் மாற்றிக் கொடுத்துவிட்டான். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது, பழைய கறுப்பு ஆயிலையே விட்டுவிட்டானோ என்ற யோசனையிலேயே இவருக்கு ஒரு மாதம் போயிற்று.

"கார் மேல இருக்கிற உறையை முழுசா எடுத்துட்டா வெளிச்சமா இருக்குமேங்க?"

"எடுத்தா நாலாவது மாடி வக்கீல் பார்ப்பான். பார்க்கிங்ல ரிப்பேர் வேலை பார்க்கக் கூடாதுன்னு நோட்டீஸ் விடுவான். நம்ம செடித் தண்ணி ரெண்டு சொட்டு அவன் கார் மேல விழுந்ததுக்கே மூணு மாசம் இழுத்தடிச்சவன். என்னைப் பார்த்து இதே காரை, இதே உறையோட வாங்கத் தெரிஞ்சுது, மனுஷனா நடந்துக்கத் தெரியல."

"இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுத்தான் திறக்கணும்னு வீடியோவுல சொன்னான்னீங்களே?"

"ஓட விட்டா தடயம் கலைஞ்சிடும். பேசாம லைட்டைப் பிடி. என்ன இங்க ஒரே பெயிண்ட் வாடை?"

"நீங்க ரெண்டு நாள் வெளியூர் போயிருந்தப்போ தூணுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சாங்க. வாட்ச்மேன்தான் எல்லார்கிட்டயும் சாவி வாங்கி, காரையெல்லாம் வெளிய எடுத்து நேத்து சாயங்காலம் திரும்ப விட்டாரு."

"சாவியைத் தூக்கிக் குடுத்துட்டியா? பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டுத்தானே குடுத்தே?"

அவள் பெருமூச்சு விட்டாள். ஸ்பேனர் உலோகத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"ஆயில் போல்ட்டுல மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருக்கேன் மாமா. என் கை பட்ட எல்லா வண்டிக்கும் போடுவேன்" என்று அன்றைக்கு மைத்துனன் பெருமையாகச் சொல்லியிருந்தான். இப்போது டார்ச் வெளிச்சத்தில் போல்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அழுக்குதான் அப்பியிருந்தது.

"கோடே இல்லடி." குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

போல்ட்டைக் கழற்றியதும் பழைய பேசினுக்குள் ஆயில் மெதுவாக இறங்கியது. தார் மாதிரி கறுப்பு. அவர் வெளியே தவழ்ந்து வந்தபோது மூக்கு நுனியிலும் கறுப்பு இருந்தது. முகம் நிறையச் சிரிப்பு.

"போனைப் போடு உன் தம்பிக்கு."

அடுத்த தெருவில்தான் ஒர்க்‌ஷாப். வேலை உடுப்போடு பத்தே நிமிடத்தில் வந்து நின்றான்.

"மாப்ளே, இதுக்குப் பேருதான் புது ஆயிலா?"

அவன் பேசினில் ஒரு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

"பழைய ஆயில்தான் மாமா. வருஷக்கணக்கா மாத்தவே இல்லை."

"பார்த்தியா, அவனே ஒத்துக்கிட்டான்." அவர் போல்ட்டை எடுத்து நீட்டினார். "மஞ்சள் கோடு எங்கடா?"

அவன் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பார்த்துத்தான் அக்கா உடைந்துபோனாள்.

"பணமுடை இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? இப்படியா செய்வே?"

"நீயும் நம்பிட்டியாக்கா?"

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நீ இங்க வர வேண்டாம்" என்றார் அவர்.

"வரல மாமா. அக்கா, கார் சாவியைக் குடு. புது ஆயிலை நானே ஊத்திட்டுப் போயிடறேன். இப்படியே விட்டு யாராச்சும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டா இன்ஜின் மொத்தமா போயிடும்."

சாவியை வாங்கியவன் போல்ட்டை இன்னொரு முறை பார்த்தான். பிறகு கதவைத் திறக்க ரிமோட்டை அழுத்தினான்.

முன்னால் நின்ற கார் சும்மா இருந்தது. எதிர் வரிசையில், அதே சாம்பல் நிற உறைக்குள், இரண்டு விளக்குகள் மின்னி அணைந்தன. அவன் மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் அங்கேதான் மின்னியது.

அக்கா டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினாள். பூதக்கண்ணாடி அந்தக் காரைப் பார்த்தார், இந்தக் காரைப் பார்த்தார், ஆயில் நிறைந்த பேசினைப் பார்த்தார். அதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நாலாவது மாடிக்காரர் நேராக இவர்களை நோக்கி வந்தார்.

மைத்துனன் போல்ட்டை மாமாவின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பினான்.

"வாங்க வக்கீல் சார், உங்க காருக்குத்தான் மாமா ஆயில் மாத்திக்கிட்டிருக்காரு."