வரிபோட்ட சட்டை

பண்டமாரான் இறால் பண்ணைக் கொட்டகையில் மாலை வெயில் கறுப்பு வலை வழியாகப் பொட்டுப் பொட்டாகத் தொட்டிக்குள் விழுகிறது. வெள்ளை இறாலோடு புலி இறாலையும் சேர்த்து விட்டது ஷாமினியின் யோசனை. தீனித் தட்டைத் தூக்கும்போதெல்லாம் வெள்ளைதான் துள்ளுகிறது. வரிபோட்டது ஒன்றும் ஏறுவதில்லை. இன்று தட்டின் ஓரத்தில் ஒரு புலி இறால் அசையாமல் கிடக்கிறது. "செத்துப்போச்சுலா. மத்ததையெல்லாம் வெள்ளை தின்னுருக்கும்," என்கிறான் அவள் கணவன் முகுந்தன். அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைக்கிறாள். கனமே இல்லை. மீசை இருக்கிறது, கால்கள் இருக்கின்றன, கண்ணை மூடியிருந்த தோல்கூட இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. "சாகலங்க. சட்டையக் கழட்டிப் போட்டிருக்கு." முகுந்தன் காற்று மோட்டாரை நிறுத்துகிறான். குமிழிகள் அடங்கி நீர் தெளிகிறது. அவள் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறாள். மேலே வெள்ளை இறால்கள் கூட்டமாய்க் கடக்க, அடியில் மணலுக்குள்ளிருந்து சிவந்த கண்கள் இரண்டிரண்டாகப் பற்றிக்கொள்கின்றன, தொட்டியின் மறுகோடி வரைக்கும். ஒன்று மட்டும் மணலுக்கு வெளியே, புது வரிகளோடு, துவண்டு கிடக்கிறது. ஒரு வெள்ளை இறால் இறங்கி வந்து மீசையால் அதைத் தடவுகிறது. இருவரும் மூச்சை அடக்குகிறார்கள். தடவியது விலகி மேலே போகிறது. "டார்ச்ச அணை ஷாமி," என்கிறான் முகுந்தன் மெதுவாக. "அதுக்கு இன்னும் உடம்பு இறுகல."