நாத்தனாருக்கு ஒரு ரூல்

“முடியாது. இந்த ரூலை நான் அப்ரூவ் பண்ண மாட்டேன்.” திலீப் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான்.

சினேகா விடவில்லை. “ஒரு பட்டனை அமுக்கினா விரல் தேஞ்சா போயிடும்?”

“அப்புறம் எங்க அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

“அவங்க எங்க இதையெல்லாம் திறந்து படிக்கப் போறாங்க!”

சினேகாவின் ஆபீஸ் விற்பதே விதிகளைத்தான். நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்’ என்று எழுதி வைத்துவிட்டால் போதும். இன்சூரன்ஸ் கொடுக்கலாமா, கூடாதா என்று அந்த சாஃப்ட்வேரே முடிவு சொல்லிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. ஒருவர் எழுதிய விதிக்குக் குழுவில் இன்னொருவர் அப்ரூவல் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை முதல் அவள் தினமும் திருத்தணியில் சென்னை ரயில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் வேலை போய்விடும். ஏறினால் கைக்குழந்தை அபியை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கான்வென்டில் கணக்குக்கு சென்டம் வாங்கிய பெண்ணாயிற்றே, பயத்துக்கும் ஒரு பார்முலா இல்லாமலா போகும்? ஆபீஸ் சாஃப்ட்வேரிலேயே அபிக்கென்று ஒரு குழு தொடங்கினாள். அதில் கணவனையும் நாத்தனார் விஜியையும் சேர்த்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் விஜிதான்.

அப்புறம் எழுதினாள் பாருங்கள் விதிகள்!

‘அபி தும்மினால் சினேகாவுக்குச் சொல்லவும். மறுபடியும் தும்மினால் டாக்டருக்குச் சொல்லவும்.’

‘அபி அழுதால் ஏன் என்று பார்க்கவும். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பார்க்கவும்.’

‘தெருவில் காவடி வந்தால், பம்பைச் சத்தம் கேட்பதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தவும்.’

“கேக்குறதுக்கு முன்னாடி எப்படிடி தெரியும்?” என்று சிரித்தாலும், திலீப் ஒவ்வொன்றுக்கும் அப்ரூவல் கொடுத்துக்கொண்டே வந்தான். கடைசி விதியில்தான் மாடு மாதிரி நின்றுவிட்டான்.

‘விஜி தானாக எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சினேகாவின் அனுமதி கேட்க வேண்டும்.’

“ரெண்டு பசங்களை வளர்த்தவடி அவ!”

“என்னத்தை வளர்த்தாங்க? பெரியவன் மாடிப்படியில குதிச்சு கையை ஒடிச்சுக்கிட்டான்.”

“அவன் குதிச்சா அக்கா என்ன பண்ணுவா?”

“அதான், அந்த வீட்டுல ரூலே இல்ல!”

இதற்கு மேல் பேசினால் தனக்கும் ஒரு ரூல் வந்துவிடும் என்று திலீப் எழுந்து போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை. ‘நான் போக மாட்டேன், வேலை போனா போகட்டும்’ என்று சொல்லிவிடும் முடிவோடுதான் போனை எடுத்தாள் சினேகா. கடைசி விதிக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்திருந்தது.

‘வாயால முடியாதுன்னுட்டு, கையால அமுக்கியிருக்கார். நல்ல மனுஷன்!’ பாரம் இறங்கினாற்போல இருந்தது. தைரியமாக ரயிலேறினாள்.

விதி சும்மா இருக்குமா? அரக்கோணம் தாண்டுவதற்குள்ளேயே விஜியின் கேள்விகள் வர ஆரம்பித்தன.

‘ஜட்டி நனைஞ்சிட்சி. மாத்தலாமா?’

‘சிரிக்கிறா. நானும் சிரிக்கலாமா?’

சினேகா நகம் கடித்துக்கொண்டே அனுமதி மேல் அனுமதி கொடுத்துக்கொண்டு வந்தாள்.

மதியம், புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் முன்னால் நின்று, “எங்க சாஃப்ட்வேர் ரொம்ப சிம்பிள் சார். எழுதப் படிக்கத் தெரிஞ்ச யார் வேணாலும் ரூலைப் படிக்கலாம், அப்ரூவ் பண்ணலாம்” என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த கேள்வி வந்தது.

‘கவுந்துகினு அழுவுறா. தூக்கலாமா?’

“ஐயோ, தூக்குங்க அண்ணி!” என்று அத்தனை பேர் முன்னாலும் அலறிக்கொண்டே போனில் டைப் அடித்தாள் சினேகா.

உடனே பதில் வந்தது. ‘தூக்கி, பால் குட்த்து, தூங்கவும் வெச்சிட்டேன். ரூலுக்கோசரம் கேட்டேன்.’

சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷனில் திலீப் வண்டியோடு நின்றிருந்தான். ஏறி உட்கார்ந்ததும் சினேகா சொன்னாள்: “தேங்க்ஸ்ங்க. நீங்க மட்டும் அப்ரூவ் பண்ணலைன்னா நான் இன்னைக்குப் போயிருக்கவே மாட்டேன்.”

“எதை?”

“அதான், அண்ணி ரூலை.”

“நான் பண்ணலையே!”

வீடு வரும்வரை சினேகா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். குழுவில் இருப்பதோ மூன்றே பேர். எழுதியது அவள். இவன் இல்லையென்றால்?

விஜி பஸ்ஸுக்குக் கிளம்பி, தோளில் பையும் இடுப்பில் அபியுமாக வாசலில் நின்றிருந்தாள். “வந்துட்டியா? இந்தா, உன் பொண்ணு. அனுமதியோட தர்றேன்.”

குழந்தையை வாங்கிக்கொண்ட சினேகாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “அண்ணி... அந்த ரூலை...”

“ஆங், நான்தான் அமுக்கினேன்.”

“படிக்காம அமுக்கிட்டீங்களா?” குரலில் ஒரு நப்பாசை.

“ரெண்டு வாட்டி படிச்சேன். மொத வாட்டி கோவம் வந்துச்சி.”

“அப்புறம் ஏன் அண்ணி?”

விஜி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “என்னை நம்பி விட்டுட்டுப் போறதுக்கு உனுக்கு இன்னும் கொஞ்ச நாளாவும். அதுக்குள்ள உன் வேலை பூடுமே! அதான், நம்பாமலே போய்ட்டு வரட்டும்னு அமுக்கிட்டேன்.”