வைத்தியர் சொன்ன நல்ல சேதி

ஈஸ்டர் அன்று புத்தாண்டு பிறக்கும் வழக்கமுள்ள புரூஜ் நகரத்துக் கம்பளி வணிகர், நகரசபைப் பெரும்புள்ளி யோரிஸ், பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தார். நாடி பார்த்த வைத்தியரின் முகம் மலர்ந்தது.

“கண்டம் தாண்டியாச்சு ஐயா! இன்னும் பத்து வருஷம் ஜம்முனு இருப்பீங்க.”

யோரிஸ் பதறி எழுந்தார். “யோவ், நல்லாப் பாருய்யா! ஈஸ்டருக்குள்ள போயிடுவேன்ல?”

“நாலே நாள்லயா? வாய்ப்பே இல்ல. புண்ணிய காலத்துல போகணும்னு அவ்வளவு ஆசையா?”

“இவருக்கா புண்ணியம்?” மனைவி லீஸ்பெத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஊரே வாயப் பொளக்கணும்னு கோயில்ல இப்பவே பளிங்குக் கல்லறை கட்டிக்கிட்டார், வைத்தியரே. காலடியில சிங்கம் வேற! ‘மறைந்த ஆண்டு ஆயிரத்து நானூற்று’ வரைக்கும் செதுக்கியாச்சு. மிச்சத்தைச் செத்தப்புறம் செதுக்கிக்கலாம்னு இடம் விட்டிருக்கார். ஈஸ்டர் அன்னிக்கு ஆயிரத்து ஐநூறு பொறந்துடுதே!”