ஹப்பா என்றால் இங்கே

முன்னால் போன வழிகாட்டி மசாஞ்சா குச்சியால் மணலைத் தொட்டு, "ஹப்பா" என்றார்.

மூன்றாவதாக நடந்து வந்தவர் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

அவள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆறு நாளாக இப்படித்தான் திரும்புகிறார்.

மணலில் நான்கு விரல் பதிந்த அகலமான தடம். விடிவதற்கு முன் ஒரு நீர்யானை கரையேறிப் போயிருக்கிறது. அதைத்தான் மசாஞ்சா காட்டினார்.

சுவாஹிலியில் ஹப்பா என்றால் இங்கே. முதல் நாளே அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. தெரிந்து என்ன பயன்? மசாஞ்சாவுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. 'ஹ' அந்தச் சந்து வழியே காற்றாகப் போய்விடும்.

காதுக்கு வந்து சேர்வது 'அப்பா'.

மேற்குத் தான்சானியாவில் ஒரு மூலை. இத்தனை நாளில் வேறு ஒரு வண்டியைக்கூடப் பார்க்கவில்லை. தினமும் காலையில் கூடாரங்களைப் பிரிப்பார்கள். அடுப்புச் சாம்பலைப் புதைப்பார்கள். முளைக்குச்சி அடித்த குழிகளைக் காலால் தள்ளி மூடுவார்கள். லாரி சுற்றுவழியில் போகும். இவர்கள் வறண்ட ஆற்றில் நடந்து அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

முதலில் மசாஞ்சா. அடுத்து துப்பாக்கியோடு வனக்காவலர். அப்புறம் அவர். கடைசியில் அவள்.

நடக்கும்போது பேசக் கூடாது என்பது விதி.

அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

இந்தப் பயணம் அவர் மனைவி பூங்கோதையின் ஆசை. வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்ததும், மூன்று பேருக்கு இடம் பிடித்ததும் அவள்தான்.

மாசியில் பூங்கோதை போய்விட்டாள்.

புரட்டாசியில் இரண்டு பேர் வந்தார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மகள்தான் போகலாம் என்றாள். அவருக்கு பூட்ஸ் வாங்கி வந்ததும் அவளே. அளவு கேட்கவில்லை. சரியாக இருந்தது.

பூங்கோதையை அவர் கட்டிக்கொண்டபோது மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஏற்கெனவே ஓர் அப்பா இருந்தார், கூடத்துச் சுவரில், மாலையோடு. புதிதாக வந்தவரை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒருவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்க முடியுமா?

கோபிச்செட்டிபாளையத்தில் தாராளமாக முடியும். எதன் பின்னாலும் ஒரு 'ங்க' போட்டால் போதும்.

காப்பி ஆறுதுங்க.

அம்மா கூப்புடுதுங்க.

கேஸ் தீந்துபோச்சுங்க.

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை, கோபப்பட்டதில்லை. பார்க்கிறவர்கள் கொடுத்து வைத்தவர் என்றார்கள். அவருக்கு அதுதான் வலித்தது. கோபப்படவும் ஓர் உரிமை வேண்டுமே.

ஊர் திரும்பியதும் அவளுக்கு குவாஹாட்டியில் வேலை. நடுவில் இருந்த ஆளும் இப்போது இல்லை. இனி எதற்காக கோபிக்கு வருவாள்? அதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

கேட்டு வாங்குகிற பொருளா அது?

இன்றுதான் கடைசி நடை. தான் எதற்காக ஒவ்வொரு முறையும் திரும்புகிறோம் என்பது அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கும். நினைக்கவே கூச்சமாக இருந்தது. இனித் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

"அப்பா."

குனிந்தார். சிறுத்தையின் தடம். நகம் பதியாத நான்கு விரல்கள்.

திரும்பவில்லை.

"அப்பா."

யானை. வட்டமான தடத்துக்குள் வெடிப்பு வெடிப்பாகக் கோடுகள்.

திரும்பவில்லை. நன்றாகத்தான் இருந்தது, இப்படி நேராக நடப்பது.

ஆறு வளைகிற இடம் வந்தது. காற்று தடவித் தடவி மணல் வழவழவென்று கிடந்தது.

"அப்பா."

குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மசாஞ்சாவின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நமக்குத் தெரியுமா என்று மேலே நடந்தார்.

"அப்பா."

மறுபடி குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காவலரும் மசாஞ்சாவும் போன பூட்ஸ் தடங்களைத் தவிர எதுவும் இல்லை. ஒரு பறவையின் கால்கூடப் பதிந்திருக்கவில்லை.

கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தார்.

மசாஞ்சா நாற்பது அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையை அண்ணாந்து, புட்டியை வாயில் கவிழ்த்து, மடமடவென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எத்தன வாட்டி கூப்புடறது? லேஸ் அவுந்து கெடக்குது பாரு!"

காவலர் திரும்பி, உதட்டில் விரல் வைத்து எச்சரித்தார்.

அவர் மணலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார்.

அந்த ஒரு முடிச்சைப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.