மொட்டை மாடிக் கயிறு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஜாய்சனோடு ஒரே அறையில் இருக்கும் கிஷோர், ஆபீஸ் கேன்டீனில் சொன்னது.

ஜாய்சனுக்குத் தொடை இடுக்கில் அரிப்பு. சிவந்து, வட்டம் வட்டமாகத் தடிப்பு. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் கடையில் ஒரு களிம்பு வாங்கியவன், அதைப் பாத்ரூமில் மறந்து வைத்துவிட்டான்.

ஒழுகும் குழாயைப் பார்க்கக் கீழ்த்தளத்திலிருந்து வந்த வீட்டு ஓனர் அலெக்சாண்டரின் கண்ணில் அது பட்டது. ஞாயிறு பூசையை ஒருநாளும் தவறவிடாதவர். அடுத்தவர் பாவமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“எங்கெங்க சுத்தினே, தம்பி?”

“ஆபீஸ் விட்டா ரூம்தான், அங்கிள்.”

“இந்த டியூப் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இது கௌரவமான வீடு. சண்டேக்குள்ள காலி பண்ணு. உங்கம்மாவுக்கு நானே போன் போட்டுக் காரணத்தைச் சொல்லிடறேன்.”

ஜாய்சன் அழாத குறை. “அம்மாகிட்ட மட்டும் வேண்டாம் அங்கிள். டாக்டர்கிட்ட வேணா நீங்களே வந்து கேளுங்க.”

வந்தார். நோயாளிக்கு முன்னால் அவரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் சுதீர் பரிசோதித்துவிட்டு, “படர்தாமரை” என்றார். “துணியெல்லாம் எங்க காயப்போடறே?”

“பேண்ட், சட்டை மாடியில. ஜட்டி மட்டும் பாத்ரூம்ல சார். அது மாடிக் கயித்துல தொங்கினா வீட்டு மானம் போயிடும்னு அங்கிள் ரூல்.”

“உள்ள காயுதா?”

“பெங்களூர் குளிர்ல எங்க சார்? ஈரத்தோடயே போட்டுக்கிட்டுப் போயிடுவேன்.”

“அதுக்கு மேல டைட் ஜீன்ஸ் வேற. பூஞ்சை வராம என்ன வரும்?”

“கெட்ட சகவாசம்...” என்று இழுத்தார் அலெக்சாண்டர்.

“ஈர ஜட்டியோட சகவாசம்தான் சார். வெயில்ல காய்ஞ்சா சரியாயிடும்.”

அலெக்சாண்டர் நாற்காலியில் நெளிந்தார். பிறகு, “தம்பி, நீ ஸ்வல்ப நேரம் வெளிய இரு. உன் விஷயமா டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்.”

கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். அம்மாவுக்குப் போன் போகவில்லை.

கிஷோர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். ஜாய்சன் அதே அறையில்தான் இருக்கிறான். மாடிக் கயிற்றின் ஓரத்தில் அவனுடைய ஜட்டி இரண்டு. நல்ல வெயில் படும் நடுப்பகுதி முழுக்க, கோடு போட்ட பட்டாபட்டி டிராயர்கள்.

அந்த வீட்டில் பட்டாபட்டி போடுகிற வயதில் ஒருவர்தான் இருக்கிறார்.