நான்காவது பொருளுக்கு ஓர் உதாரணம்

காலையிலிருந்து ‘புண்ணியம்’ என்ற ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் அகராதிக்காரர்.

மனைவி இறந்து இருபது நாள் கழித்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். மற்ற பக்கங்களெல்லாம் அச்சுக்குப் போய்விட்டன. இது ஒன்று மட்டும் அவருக்காகக் காத்துக் கிடந்தது. மாலைக்குள் போயாக வேண்டும்.

முதல் பொருள் லேசு. நல்லது செய்தவருக்குக் கடவுள் தருவதாக நம்பும் பலன்.

இரண்டாவது, பயன். ‘இப்போ அழுது என்ன புண்ணியம்?’

மூன்றாவது, அதிர்ஷ்டம். ‘யார் செஞ்ச புண்ணியமோ, பிள்ளை பிழைச்சுது.’

நான்காவது, கெஞ்சும்போது சொல்வது. அதற்குத்தான் இன்னும் உதாரணம் கிடைக்கவில்லை.

சொந்தமாக ஒன்றை எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அவருடைய அகராதியில் கற்பனை வாக்கியத்துக்கு இடமே கிடையாது. யாராவது வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன கையோடு அட்டையில் குறித்திருக்க வேண்டும். கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் சட்டைப்பையில் அட்டையோடு போகிற மனிதர். பேருந்தில் சண்டை மூண்டால் மற்றவர்கள் விலக்கப் போவார்கள், இவர் பேனாவைத் திறப்பார்.

பிழை திருத்தும் அம்மாள் தேநீரை மேசைமேல் வைத்தாள்.

“புண்ணியவதி சார் அவங்க. யாருக்கும் பாரமில்லாம சட்டுனு போய்ச் சேர்ந்துட்டாங்க.”

அகராதிக்காரர் தலையாட்டினார். அது ஐந்தாவது பொருள் என்று மனம் சொன்னது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த அம்மாள் நகர்ந்ததும், ‘ப’ வரிசை அட்டைகள் இருந்த பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். பாதிக்கு மேல் புரட்டியபோது ஓர் அட்டை அகப்பட்டது. அவருடைய கையெழுத்துதான்.

‘உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒருநாள் லீவு போட்டு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. படியேறினா மூச்சு வாங்குது.’

சொன்னவர்: மனைவி. இடம்: சமையலறை. தேதி போன வருடத்தது.

நான்காவது பொருளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அந்த லீவை அவர் போடவே இல்லை. போட வேண்டும் என்று தோன்றியதாகக்கூட நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். எழுதுகிற வேகத்தில் நடுவே ஒரு வார்த்தை விட்டுப்போனது, மறுபடி சொல்லும்படி கேட்டார்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, அவர் பேனாவைப் பார்த்தபடி, நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னாள்.