இழுப்பறையின் பின்பலகை

மேசை முடிந்துவிட்டது. தச்சர் கோமளவல்லி தம் பெயரைப் பொறிப்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

இழுப்பறையின் முகப்புப் பலகை பின்பலகையைச் சீண்டியது. "எல்லாரும் பார்ப்பது என்னைத்தான், பெயரும் எனக்குத்தான். இருட்டுக்குள் கிடக்கப்போகிற உனக்கு எதற்கடா இத்தனை இழைப்பு?"

"எனக்கும் பெயர்மேல் ஆசைதான், அண்ணே. ஆனால், உன்னை இழைத்த அளவுக்கே என்னையும் இழைத்தாரே, அதுவே எனக்குப் பெருமை" என்றது பின்பலகை.

உளியோடு வந்த கோமளவல்லி, இழுப்பறையை முழுவதும் உருவித் திருப்பினார். பின்பலகையை உள்ளங்கையால் தடவினார். ஒரு சிராய்கூடக் குத்தவில்லை. அங்கேயே தம் பெயரைச் செதுக்கினார்.

முகப்புப் பலகை திகைத்தது. "அங்கே போய் யார் படிக்கப்போகிறார்கள்?"

"மேசை செய்யத் தெரிந்தவர்கள்" என்றது பின்பலகை.